கருவைக்குத் தலைமாட்டுக் கல்

“வெட்டினா வருது தாயி. தோண்டினா வருது. வேரோட பிடுங்கி எரிச்சாலும் அடுத்த மழைக்கு வருது. இந்தச் சீமைக்கருவையை எப்படித்தான் ஒழிக்க?”

மடத்து வாசல்ல கால் கழுவி முடிக்கறதுக்குள்ளயே எங்க மச்சான் செவத்தையா கேட்டுட்டார்.

எங்க அக்காவைக் கட்டினவர். வயசு அறுபது. ஊர்லயே பெரிய ஆட்டு மந்தை அவருது. ஒரு காரியத்தைத் தொட்டா விடமாட்டார். அவர்கிட்ட நல்லதும் அதுதான், கெட்டதும் அதுதான்.

அவர் கேட்டது ஈஸ்வரவடிவுகிட்ட. அந்தம்மாவுக்கு முப்பத்தாறு வயசு இருந்தா அதிகம். ஆனாலும் எங்க ஊரு நெட்டூரணியில கிழவன் கிழவி வரைக்கும் அவங்களைத் தாயின்னுதான் கூப்பிடுவோம்.

ஆறு வருஷத்துக்கு முன்ன தனியா வந்தாங்க. ரோட்டோரம் இடிஞ்சு கிடந்த மடத்தைப் பெருக்கினாங்க. தங்கிட்டாங்க. என்ன படிச்சாங்க, யார்கிட்டப் படிச்சாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது.

ஒண்ணு மட்டும் எல்லாருக்கும் தெரியும். அங்க கேள்வியோட போனா பதில் வராது, வேலைதான் வரும்.

புருஷன் பேசவே மாட்டேங்கிறான்னு ஒருத்தி போனா. பத்து நாள் வாயைத் திறக்காம மடத்துக் கிணத்துல தண்ணி இறைக்கச் சொன்னாங்க. அதுக்கப்புறம் அவன் பேச ஆரம்பிச்சவன்தான், இன்னும் நிறுத்தலை.

மடத்துக்குச் சட்டம்னு ஒண்ணே ஒண்ணு. வாசல்ல ஒரு கல்தொட்டி இருக்கும். அதுல தண்ணி மொண்டு கால் கழுவிட்டுத்தான் படி ஏறணும். கார்ல வந்தவருக்கும் அதுதான், ஆட்டுக்குப் பின்னால நடந்து வந்தவனுக்கும் அதுதான். கழுவிட்டா யாரும் உள்ள வரலாம்.

அன்னிக்குத் தொட்டிக்குப் பக்கத்துல ஒரு வெள்ளைக் கல் கிடந்தது. மச்சான் அதுல குதிங்காலை நல்லாத் தேய்ச்சுக்கிட்டார். சித்திரையில மக கல்யாண விஷயமா வந்தப்ப இந்தக் கல் இல்லை, நம்ம வெடிப்புக் காலைப் பார்த்துட்டுத்தான் போட்டிருக்காங்கன்னு என்கிட்டச் சொன்னார்.

தாயி முருங்கைக்கீரை உருவிக்கிட்டிருந்தாங்க. எங்களைப் பார்த்து உட்காருங்கன்னு தலையை மட்டும் அசைச்சாங்க.

மச்சான் கதையைச் சொன்னார். உங்களுக்கும் அது தெரிஞ்சாத்தான் மேல சொல்ல முடியும்.

ஊருக்கு வடக்க முப்பத்திரண்டு ஏக்கர் மேய்ச்சல் புறம்போக்கு. எங்க ஊர் ஆடெல்லாம் அதை நம்பித்தான். வேற மேய்ச்சல் கிடையாது. அதுல சீமைக்கருவை புகுந்து, நாங்க அசந்த பத்து வருஷத்துல ஆள் நுழைய முடியாத முள்ளுக்காடா ஆகிப்போச்சு.

அப்பத்தான் டவுன்ல குப்பை கொட்ட இடம் தேடினாங்க. முள்ளு மண்டின தரிசுதானே, யாருக்கு என்ன உபயோகம்னு இந்த நிலத்தைக் காட்டினாங்க.

ஊரே திரண்டு சர்க்கார் ஆபீஸ்ல போய் நின்னோம். மூணு வருஷம் தவணை கொடுத்தாங்க. அதுக்குள்ள முள்ளு ஒழிஞ்சு, புல்லு நின்னு, மேய்ச்சல் நடந்தா நிலம் எங்களுக்கு. இல்லைன்னா டவுன் குப்பைக்கு.

அந்தப் பொறுப்பை மச்சான் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிட்டார். முதல் வருஷம் மெஷின் வச்சு மரத்தையெல்லாம் வேரோட பெயர்த்தார். அடுத்த வருஷம் கையால கன்னு பிடுங்கினோம். மூணாம் வருஷமும் பிடுங்கினோம். ஒவ்வொரு மழைக்கும் திரும்ப வந்தது.

இப்ப ஐப்பசி பதினஞ்சு. கார்த்திகை பத்தாம் தேதி அதிகாரி வந்து பார்க்கிறார். நிலத்துல மறுபடியும் விரற்கடை உயரத்துக்குக் கன்னு நிக்குது.

இதையெல்லாம் சொல்லிட்டு, யாரால இப்படி ஆகுதுன்னும் மச்சான் சொன்னார்.

“கீழூர் மாசானத்தோட மாடுதான் தாயி. கருவை நெத்தைத் தின்னுட்டு எங்க நிலத்துல வந்து விதையோட சாணி போடுது. மேல மனு எழுதிக் கொடுத்திருக்கேன். நீங்களும் ஒரு வார்த்தை சொன்னா அவன் மாட்டைக் கட்டிப் போடுவான்.”

தாயி கையில இருந்த கொப்பை உருவி முடிச்சாங்க.

“இப்ப எத்தனை கன்னு நிக்குது அண்ணாச்சி?”

“அதை யாரு எண்ணினா. கால் வைக்கிற இடமெல்லாம் நிக்குது.”

“கால் வைக்கிற இடமெல்லாமா?”

“ஆமா.”

“சரி, பிடுங்காதீங்க. ஒவ்வொரு கன்னுக்கும் தலைமாட்டுல ஒரு வெள்ளைக் கல் வைங்க. ஒண்ணு விடாம வச்சிட்டு வந்து சொல்லுங்க.”

அடுத்த கொப்பை எடுத்துட்டாங்க.

*

வழி பூரா மச்சான் பொருமிக்கிட்டே வந்தார். பிடுங்கறதுக்கே நாள் பத்தலை, இதுல கல்லு வேற வைக்கணுமாம். கருவைக்கு என்ன கும்பாபிஷேகமா பண்றோம்னார்.

நீங்கதானே கேட்கப் போனீங்கன்னு நான் சொன்னேன். அதுக்கப்புறம் ஊர் எல்லை வரைக்கும் என்கூடப் பேசலை.

வீட்டுல எங்க அக்கா தங்கபுஷ்பம் ஒரே போடாப் போட்டா. மூணு வருஷமாப் பிடுங்கிக் கிழிச்சது போதும், நாலு நாள் கல்லு வச்சா ஒண்ணும் குறைஞ்சு போகாதுன்னா.

மறுநாள் விடிஞ்சதும் ஓடைக்குப் போனோம். ஓடையில வெள்ளைக் கல்லுக்குப் பஞ்சமில்லை. இரும்புச் சட்டியில அள்ளிக்கிட்டு வந்து வைக்க ஆரம்பிச்சோம்.

குனியணும், புல்லை விலக்கணும், கன்னைக் கண்டுபிடிக்கணும், கல்லை வைக்கணும். நிமிர்ந்தா இடுப்பு கழண்டு கையில வந்துரும் போல இருந்தது. ஆயிரத்து இருநூறு வரைக்கும் எண்ணிப் பார்த்துட்டு நான் விட்டுட்டேன்.

போற வர்றவன்லாம் நின்னு சிரிச்சான். கருவைக்குக் கோயில் எழும்புதா, கொடை விழாவுக்கு எங்களையும் கூப்பிடுங்கன்னு ஒருத்தன் சொன்னான். மச்சான் தலையைத் தூக்கலை.

மூணாம் நாள் மாசானம் ஓடைப் பாதையில மாட்டை ஓட்டிக்கிட்டுப் போனார். ஒரு நிமிஷம் நின்னு பார்த்தார். சிரிக்கலை, போயிட்டார்.

அவரும் மச்சானும் ஒரே தூக்குவாளியில கஞ்சி குடிச்சு வளர்ந்தவங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்ன சந்தையில வச்சு, நாலு ஊர் ஆளுக முன்னால, எங்க நிலத்துல முள்ளு விதைக்கிறவன் நீதான்னு மச்சான் சொல்லிட்டார். அன்னிக்கு நின்ன பேச்சுதான்.

நாலு நாள் ஆச்சு. அஞ்சாம் நாள் காலையில மடத்துக்குப் போனோம். மச்சான் அன்னிக்கு மாதிரியே குதிங்காலைத் தேய்ச்சுக் கழுவிட்டுப் படி ஏறினார்.

“வச்சாச்சு தாயி. எனக்கு ஒண்ணும் தெரியலை.”

“எப்படிப் பார்த்தீங்க?”

“குனிஞ்சுதான். அந்த உசரத்துக் கன்னைக் குனியாம எப்படிப் பார்க்க?”

தாயி எங்க தலைக்கு மேல எங்கேயோ அண்ணாந்து பார்த்தாங்க. பார்த்துக்கிட்டே இருந்தாங்க.

நாங்களும் திரும்பிப் பார்த்தோம். தூரத்துல ஊர்த் தண்ணித் தொட்டி நின்னது. அறுபது அடி உசரத் தூண் மேல, நீலப் பெயிண்ட் அடிச்ச தொட்டி.

*

தொட்டிக்குப் பக்கவாட்டுல இரும்பு ஏணி. மச்சானுக்கு முழங்கால் வலி. ஏற வேண்டாம், நான் ஏறிப் பார்த்துச் சொல்றேன்னேன். கல்லு வச்சது நான், நான்தான் பார்க்கணும்னுட்டார்.

அவர் முன்னால ஏறினார். விழுந்தா பிடிச்சுக்கலாம்னு நான் பின்னால ஏறினேன். அவர் விழுந்தா நானும் சேர்ந்து விழுவேன்ங்கிறது பாதி ஏறினப்பதான் எனக்கு உறைச்சது.

மேல போய்க் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு வடக்க பார்த்தோம்.

மழை பெஞ்சு நிலம் பச்சையாக் கிடந்தது. பச்சைக்கு நடுவுல வெள்ளை வெள்ளையாக் கல்லு. கால் வைக்கிற இடமெல்லாம் இல்லை. பாதிக்கு மேல நிலத்துல ஒரு கல்லு கூடக் கிடையாது.

கல்லு இருந்த இடம் சதுரம் சதுரமா இருந்தது. ஒரு சதுரத்தை ஒட்டி அடுத்த சதுரம், அதை ஒட்டி அடுத்தது, நூல் பிடிச்ச மாதிரி வரிசையா. ஒவ்வொரு சதுரத்துலயும் தென்மேற்கு மூலை மட்டும் கொஞ்சம் உள்ள மடங்கி இருந்தது.

மச்சான் விரலை நீட்டி அந்த மூலையை ஒண்ணொண்ணாக் காட்டினார்.

“மாப்ளே, இது என் பட்டி.”

எனக்கும் அப்பத்தான் புரிஞ்சது.

ஆடு மேய்க்கிறவங்களுக்குள்ள ஒரு வழக்கம் உண்டு. கோடையில ராத்திரிக்கு ஆட்டை ஒரு நிலத்துல அடைப்போம். நாலு பக்கமும் மூங்கில் படலை நிறுத்திச் சதுரமாப் பட்டி போட்டு, அதுக்குள்ள ஆடு படுத்து எந்திரிக்கும். மறுநாள் படலைப் பெயர்த்துப் பக்கத்து இடத்துல போடுவோம். இதுக்குக் கிடைன்னு பேரு. ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் விழுந்த மண்ணுல புல்லு கொழுத்து வரும்.

முள்ளை எடுத்த நிலத்துக்கு எங்க ஊர் ஆடுதான் முதல்ல உரம் போடணும், அதுவும் என் ஆடுதான் போடணும்னு மச்சான் நின்னார். மூணு கோடையும் இலவசமாக் கிடை போட்டார். ஊரே அவரை மெச்சிச்சு.

படல்ல ஒண்ணு வண்டிச் சக்கரத்துல மாட்டி ஒடிஞ்சுபோய், வெட்டிக் குட்டையா ஆக்கியிருந்தோம். அந்தக் குட்டைப் படலை எப்பவும் தென்மேற்குக் கன்னி மூலையிலதான் நிறுத்துவார். தெய்வம் பார்க்கிற மூலை, அங்க குறை இருந்தா சாமி பார்த்துக்கும்னு சொல்வார்.

பங்குனி பிறந்தா காட்டுல பச்சை இருக்காது. ஓடையோரத்துக் கருவையில விழற நெத்துதான் ஆட்டுக்குச் சோறு. இனிப்பா இருக்கும், ஆடு விரும்பித் தின்னு கொழுக்கும். மூட்டை மூட்டையாப் பொறுக்கி வச்சுப் போடுவோம்.

மாடு நெத்தை அப்படியே முழுங்கும், அதனால சாணியில விதை முழுசா வரும். இது எங்களுக்குத் தெரியும். ஆடு அப்படி இல்லை, நல்லா மென்னு அசைபோட்டு விதையைப் பொடியாக்கிரும்னு நினைச்சிருந்தோம். யாரும் சோதிச்சுப் பார்த்தது கிடையாது. ஆட்டுக்காரன் ஆட்டைச் சந்தேகப்படுவானா?

மாசானத்தோட மாடு போற ஓடைப் பாதையைப் பார்த்தேன். அந்தப் பக்கத்து நிலத்துல நாங்க வச்ச கல் ஒண்ணு கூட இல்லை.

மச்சான் தொட்டி மேலயே உட்கார்ந்துட்டார். துண்டால முகத்தைப் பொத்திக்கிட்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமா இருந்தது. அந்தப் படலை மூணு கோடையும் தூக்கினது நானும்தான்.

*

இறங்கினதும் நேரா மடத்துக்குப் போனார்.

“கண்டுபிடிச்சிட்டேன் தாயி. ஆனா வழி தெரியலை. ஆடு உள்ள போனா முள்ளு வரும். ஆடு போகலைன்னா அது மேய்ச்சல் நிலமே இல்லைன்னு எழுதிருவாங்க. ரெண்டுல எதுன்னாலும் நிலம் போகுது.”

தாயி உலையில அரிசி போட்டுக்கிட்டிருந்தாங்க. திரும்பலை.

அந்த நேரம் ரோட்டுல ஒரு லாரி வந்து நின்னது. டிரைவர் இறங்கி வந்து குடிக்கத் தண்ணி கேட்டார். முழங்கால் வரைக்கும் சேறு. தாயி கரண்டியால வாசல் தொட்டியைக் காட்டினாங்க.

அவர் போய்க் காலைக் கழுவினார். சேறு ஒட்டிக்கிட்டுப் போகலை, மறுபடியும் கழுவினார். தாயி செம்புல தண்ணி மொண்டு வச்சுக்கிட்டுக் காத்திருந்தாங்க. சுத்தமானதும் படி ஏறி வந்தார். அவருக்கு ஒரு செம்புத் தண்ணியும், உட்காரப் பாயும் கொடுத்தாங்க.

மச்சான் அந்த ஆளோட காலையே பார்த்துக்கிட்டிருந்தார். திடீர்னு எந்திரிச்சார். போயிட்டு வர்றேன்னு கூடச் சொல்லலை.

ரோட்டுக்கு வந்ததும் என்கிட்ட ஒரே ஒரு விஷயம் கேட்டார். ஆட்டு வயித்துல தின்னது எத்தனை நாள் தங்கும்னார். எட்டு நாளைக்கு மேல தங்காதுன்னேன். அப்ப எட்டு நாள்னார்.

எனக்கு நிலத்துக்குப் போகணும்னு அவசரம். அவர் கீழூர்ப் பாதையில திரும்பிட்டார்.

மாசானம் வீட்டு வாசல்ல மாட்டைக் குளிப்பாட்டிக்கிட்டிருந்தார். எங்களைப் பார்த்தும் கையை நிறுத்தலை.

மச்சான் தெருவுலயே நின்னுட்டார். அக்கம்பக்கத்துல நாலஞ்சு பேர் எட்டிப் பார்த்தாங்க. அவங்க பார்க்கட்டும்னே நின்னார்னு நினைக்கிறேன்.

“உன் மாடு இல்லை மாசானம். என் ஆடு. சந்தையில நாலு பேர் முன்னால சொன்னது தப்பு.”

மாசானம் மாட்டு முதுகைத் தேய்ச்சு முடிச்சார். வாளியைக் கவுத்தார். கையைத் துடைச்சுக்கிட்டார்.

“தண்ணித் தொட்டி மேல ஏறினியாமே. முழங்கால் எப்படி இருக்கு?”

*

மறுநாள் கீழூர்ல இருந்தும் ஆள் வந்தாங்க. மாசானம் முன்னால வந்தார்.

முன்னெல்லாம் கன்னு பிடுங்கணும்னா முப்பத்திரண்டு ஏக்கரும் அலைவோம். பாதியை விட்டுருவோம். இப்பக் கல்லு இருந்த இடத்துல மட்டும் குனிஞ்சா போதும். ஈர மண்ணு, கன்னு ஆணிவேரோட வந்தது. பிடுங்கின கையோட கல்லையும் எடுத்தோம். நிலத்துல கல்லு இல்லைன்னா கன்னும் இல்லை. ஒண்ணரை நாள்ல வேலை முடிஞ்சது.

எடுத்த கல்லையெல்லாம் நிலத்து நுழைவுல கொட்டி, அதை ஒட்டி ஒரு பெரிய பட்டி போட்டார் மச்சான். ஊர்ல எந்த ஆடா இருந்தாலும் அந்தப் பட்டியில எட்டு நாள் நிக்கணும். ஒடிச்சுப் போட்ட குழையும் வைக்கோலும் மட்டும் தின்னணும். வயித்துல இருக்கிற விதையெல்லாம் அங்கேயே விழும், அங்கேயே கூட்டி எரிக்கணும். ஒன்பதாம் நாள் உள்ள போகலாம். நெத்து போடறதா இருந்தா மில்லுல மாவா அரைச்சுத்தான் போடணும்.

முணுமுணுத்தாங்க. எட்டு நாளைக்குத் தீனி யார் சுமக்கிறதுன்னாங்க. மாசானம் ரெண்டு வண்டி வைக்கோல் கொண்டாந்து இறக்கினார். அதுக்கப்புறம் யாரும் வாயைத் திறக்கலை.

ஐப்பசி இருபத்தஞ்சுல ஆட்டை அடைச்சோம். கணக்குப் போட்டா கார்த்திகை நாலுக்கெல்லாம் ஆடு உள்ள மேயும். பத்தாம் தேதி அதிகாரி வர்றப்ப ஜம்முனு இருக்கும்.

அவர் கார்த்திகை ஒண்ணாம் தேதியே வந்துட்டார்.

சொல்லாம கொள்ளாம ஜீப்பு வந்து நின்னது. நிலத்துல ஒரு ஆடு கிடையாது. பட்டிப் படலைத் திறந்துவிடுங்க மச்சான், ஒரு மணி நேரம் மேயட்டும், அவர் போனதும் மறுபடி அடைச்சுக்கலாம்னு காதுல சொன்னேன். ஊரே அதைத்தான் சொன்னது. சிலர் படல்ல கையே வச்சுட்டாங்க.

மச்சான் படலுக்கு முன்னால போய் நின்னுக்கிட்டார்.

அதிகாரி ஒரு மணி நேரம் நிலத்தைச் சுத்தினார். குனிஞ்சு குனிஞ்சு பார்த்தார். ஒரு முள்ளு அகப்படலை. திரும்பி வந்து ஃபைலைத் திறந்து ஒரு தாளை உருவினார். கீழூர் மாசானத்தோட மாட்டைப் பத்தின மனு.

“இது உங்க மனுதானே?”

மாசானம் அங்கேதான் நின்னுக்கிட்டிருந்தார். ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கன்னு நான் கண்ணால கெஞ்சினேன். இத்தனை வருஷமா முள்ளைப் பரப்பினது எங்க ஊர் ஆடுதான்னு மச்சான் வாயால வந்தா, அதிகாரி அதையே எழுதிட்டுப் போயிருவாரே.

“கையெழுத்து என்னுது சார். விஷயம் தப்பு. முள்ளைக் கொண்டுவந்தது என் ஆடு.”

அதிகாரி பேனாவை மூடினார். அப்ப இந்த நிலத்துல ஆடு மேயறதே ஆகாதுன்னு எழுதலாமான்னு கேட்டார்.

மச்சான் தள்ளி நின்னு பட்டியைக் காட்டினார். உள்ள ஆடெல்லாம் அசைபோட்டுக்கிட்டு நின்னது. எதுக்கு, எத்தனை நாள், எப்படின்னு எல்லாத்தையும் சொன்னார். இன்னிக்கு ஆறாம் நாள்னார்.

அதிகாரி படல்கிட்ட வந்து ஆட்டைப் பார்த்தார்.

“ரெண்டு நாள்தானே குறையுது. நான் வந்ததும் திறந்து விட்டிருக்கலாமே. மேயறதைப் பார்த்தா எனக்கும் எழுத வசதி.”

“நீங்க இன்னிக்குப் போயிருவீங்க சார். நாங்க இங்கேயே இருக்கணும்.”

அதிகாரி பேனாவைத் திறந்தார். என்னமோ எழுதினார். ஜீப்புல ஏறிப் போயிட்டார்.

ஒரு மாசம் எங்க அக்காகூட மச்சான்கிட்டச் சரியாப் பேசலை. ஊர்ல பாதிப் பேர் அவரைத் திட்டினாங்க, நானும் மனசுக்குள்ள திட்டினேன்.

மார்கழி பாதியில தாள் வந்தது. நிலம் மேய்ச்சல் தரையாவே இருக்கும். கீழ ஒரு வரி: நுழைவுல இருக்கிற காத்திருப்புப் பட்டியை ஊரார் தொடர்ந்து நடத்தணும்.

திட்டினவங்க எல்லாரும் அன்னிக்கு அவரைத் தோள்ல தூக்கினாங்க. நான்தான் முதல்ல தூக்கினேன்.

*

மறுநாள் தாயிகிட்டச் சொல்லணும்னு கிளம்பினோம். வழி பூரா மச்சான் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு நடந்தார். முழங்கால் வலியே மறந்துபோச்சு.

மடத்து வாசல்ல தண்ணி மொண்டு கால்ல ஊத்தினார். வெள்ளைக் கல்லு மேல குதிங்காலை வச்சுத் தேய்ச்சார்.

தேய்ச்ச கால் அப்படியே நின்னது.

கல்லுக்குப் பின்னால, கால் கழுவின தண்ணி ஓடிப் போற இடத்துல கீரையும் பூண்டுமா மண்டிக் கிடந்தது. அதுக்கு நடுவுல முழங்கால் உசரத்துக்கு ஒரு செடி. சின்னச் சின்ன இலை. தண்டு பூரா முள்ளு.

தாயி படியில நின்னு பார்த்துக்கிட்டிருந்தாங்க.

“தாயி, இது எப்ப வந்தது?”

“சித்திரையில கிடையில இருந்து நேரா வந்து கால் கழுவினீங்க. ஆடி மழைக்கு முளைச்சது.”

“அப்பவே பிடுங்கிப் போட்டிருக்கலாமே.”

“உங்களுதாச்சே அண்ணாச்சி. அடையாளத்துக்குக் கல்லும் வச்சேன். நீங்கதான் அதுல குதிங்காலைத் தேய்ச்சுக்கிட்டிருந்தீங்க.”